ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண் ரஷ்யாவில் இருக்கிறதா? வைரக் கதைகளில் நிற்பவையும் நிற்காதவையும்

21 அக்டோபர் 2025
வாசகர் கேள்வி, திருநகர், மதுரை

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத் திருட்டுச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் உறவினர் குழுவில் ஒரு தகவல் சுற்றுகிறது. ரஷ்யாவில் இருக்கும் ஓர்லோவ் வைரம் ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் கண்ணிலிருந்து பெயர்த்தெடுத்ததாம். கோகினூர் ஆண்களுக்கு ஆகாதாம். லூவரில் உள்ள பெரிய வைரம் சென்னையிலிருந்து திருடிப் போனதாம். தொட்டவர்கள் எல்லாரும் அழிந்தார்களாம். நீங்கள் நகை மதிப்பீட்டாளராக இருந்தவர். இதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் ஐயா?

22 அக்டோபர், இரவு

கேள்வியின் வாலைப் பிடித்துத் தொடங்குகிறேன். லூவரில் ஞாயிற்றுக்கிழமை காலை பறிபோனவை 19ஆம் நூற்றாண்டு அரசிகளின் நகைகள். அதே அப்பல்லோ கூடத்தில் இருக்கும் ரீஜென்ட் வைரத்தில் திருடர்கள் கை வைக்கவில்லை. உங்கள் உறவினர் சொல்லும் சென்னை வைரம் அதுதான். ஆனால் அது சென்னையிலிருந்து விலைக்கு வாங்கிப் போன கல். எழுத்துச் சான்று இருக்கிறது.

கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்தது. தீட்டாத நிலையில் 410 கேரட். ஜாம்சந்த் என்ற வைர வியாபாரி அதைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கவர்னர் தாமஸ் பிட்டிடம் கொண்டுவந்தார். கேட்ட விலை 2 லட்சம் வராகன், அந்தக் காலத் தங்கக் காசு. பேரம் இறங்கி இறங்கி 48,000 வராகனில் படிந்தது. தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த இறக்கம் வியப்பாக இராது. 1702இல் பிட் அதைத் தன் மகன் ராபர்ட் கையில் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். லண்டனில் இரண்டு ஆண்டு வைத்துத் தீட்டியதில் மிஞ்சியது 140.64 கேரட். சிறுவனாக இருந்த பிரெஞ்சு மன்னருக்காக நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1717இல் 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அவர் வகித்த பதவியின் பெயர்தான் கல்லுக்கு நிலைத்தது.

ஊர் சும்மா இருக்குமா? சுரங்கத்தில் வேலை செய்த அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்துக் காயத்துக்குள் கல்லை மறைத்துக் கொண்டுவந்தான், ஒரு கப்பல் தலைவன் அவனைக் கொன்று கல்லைப் பறித்தான் என்று கதை பரவியது. பழி தன் மேல் ஒட்டாமல் இருக்க, 1710இல் ஊர் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து, நியாயமான விலை கொடுத்தே வாங்கினேன் என்று பிட் ஓர் உறுதிமொழி எழுதி வைத்தார். அந்தத் தாள் எனக்கு முழு நிம்மதி தரவில்லை. கோட்டைக் கவர்னர் விலை சொல்லும்போது முடியாது என்று எழுந்து போக ஒரு வியாபாரிக்கு எவ்வளவு துணிவு இருந்திருக்கும்? ஆனால் திருட்டு என்று சொல்ல இடமில்லை.

23 அக்டோபர்

ரீஜென்ட் பற்றி இன்னும் கொஞ்சம். 1792இல், புரட்சியின் நடுவே, பிரெஞ்சு அரச நகைகள் மொத்தமாகக் கொள்ளை போயின. இந்தக் கல் பிறகு ஒரு பரணில் கிடைத்தது. கிடைத்ததை அரசு என்ன செய்தது தெரியுமா? அடகு வைத்தது. குதிரைப் படைக்குக் காசில்லாமல் பெர்லின் வணிகர் ஒருவரிடம் வைத்துப் பணம் வாங்கியது. நெப்போலியன்தான் மீட்டுத் தன் வாளில் பதித்துக்கொண்டார்.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரண்மனையில் பரிசாகக் கைமாறிய கல்லைப் புலவர்கள் ஊதிப் பெருக்குவார்கள். விற்கிறவர் கூட்டிச் சொல்வார், வாங்குகிறவர் குறைத்துச் சொல்வார். அடகு வைக்கும்போது மட்டும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் ஒரே தராசைக் குனிந்து பார்ப்பார்கள். எடை, வடிவம், ஊனம் எல்லாம் சீட்டில் ஏறும். நானும் ஆயுள் முழுக்க அந்தத் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன், எனவே இதில் ஒரு சார்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் எந்த வைரக் கதை வந்தாலும் நான் முதலில் கேட்பது, எடை எழுதிய சீட்டு இருக்கிறதா என்பதைத்தான்.

25 அக்டோபர்

ஸ்ரீரங்கத்துக்கு வருவோம்.

ஓர்லோவ் வைரம் 189.62 கேரட். ஏறக்குறைய 38 கிராம், நம் கணக்கில் நாலே முக்கால் பவுன். மாஸ்கோவில் கிரெம்ளின் வைரக் கருவூலத்தில், ரஷ்யச் செங்கோலின் தலையில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் லாசரேவ் என்ற ஆர்மேனிய வணிகரிடம் கோமகன் ஓர்லோவ் வாங்கிப் பேரரசி காதரினுக்குக் கொடுத்தார். 1770களில் நடந்த இந்தப் பகுதி வரை உறுதி. அதற்கு முந்தையதுதான் கதை. ஒரு பிரெஞ்சுப் படைவீரன் படையை விட்டு ஓடி, இந்துவாக வேடமிட்டு, ஸ்ரீரங்கம் கோயிலில் பல காலம் நம்பிக்கை சம்பாதித்து, ஒரு நாள் இரவு மூலவரின் ஒரு கண்ணைப் பெயர்த்துக்கொண்டு சென்னைக்கு ஓடி, ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனிடம் விற்றானாம்.

ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை இருந்தது உண்மை. 1751, 1752இல் சந்தா சாகிபோடு சேர்ந்து தீவுக்குள் அடைபட்டுக் கிடந்து சரணடைந்தார்கள். கதை கட்ட வேண்டிய களம் அங்கேயே இருந்தது. ஆனால் கதையைக் கட்டியவர் பெரிய பெருமாளைச் சேவித்தவர் இல்லை. மூலவர் சுதையால், அதாவது சுண்ணாம்புச் சாந்தால் ஆன திருமேனி. திருமஞ்சனம் கூடக் கிடையாது, தைலக்காப்பு மட்டும்தான். சுதையில் அமைந்த முகத்தில் கண்ணைப் பெயர்த்தால் பெயர்ந்த இடம் விடிந்ததும் எல்லார் கண்ணிலும் படும். அத்தனை மண்டகப்படிக்கும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கோயிலில், அப்படி ஒரு பேரிழப்பின் பேச்சு உள்ளூர் மரபில் முதலில் எழாமல் ஐரோப்பியச் சந்தையில் எழுகிறது. கீழைநாட்டுச் சிலையின் கண்ணிலிருந்து வந்த கல் என்பது அந்தக் காலத்து ஐரோப்பிய நகை வியாபாரத்தில் நன்றாக விலை போன பேச்சு. ஓர்லோவுக்கு மட்டும் சொல்லப்பட்டதும் இல்லை.

சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. தள்ளலாம்.

25 அக்டோபர், பிற்பகல்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: நம் கோயில் சொத்து போனதை நீங்களே மறைக்கிறீர்கள் என்று. கோயில் சொத்து போகவே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? சிலையாகவும் நகையாகவும் எத்தனையோ போயிருக்கின்றன. அவற்றைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் பழைய புகைப்படமும் பதிவேடும் கையில் வேண்டும். நிரூபிக்க முடியாத கண்ணைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டால் நிரூபிக்கக் கூடியதும் சேர்ந்து கேலிக்கு உள்ளாகும்.

ஓர்லோவுக்கு வேறொரு பூர்விகம் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சபலம் உண்டு. பிரெஞ்சு வணிகர் தவர்னியே 1665இல் ஔரங்கசீப்பின் அரண்மனையில் 280 கேரட் எடையுள்ள ஒரு பெரும் வைரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். முட்டையைக் குறுக்கே பாதியாக வெட்டியது போன்ற வடிவம் என்று எழுதி, எடையும் குறித்து, படமும் போட்டார். அதைத் தீட்டிய வெனிஸ் நகரத்து ஒர்த்தென்சியோ போர்ஜியோ வேலையைக் கெடுத்ததற்காகக் கூலி கிடைக்காமல் 10,000 ரூபாய் அபராதம் கட்டினார் என்ற செய்தியையும் விடவில்லை. அந்தப் பெரிய மொகலாய வைரம் பிறகு காணாமல் போயிற்று. ஓர்லோவுக்கும் அதே அரைமுட்டை வடிவம், அடிப்பக்கம் தட்டை, பழைய இந்தியத் தீட்டு. எடை 90 கேரட் குறைகிறது. மறுபடி தீட்டியிருந்தால் சரியாகும். தீட்டிய சீட்டு கிடைத்தால் நான் முதல் ஆளாக ஒப்புக்கொள்வேன்.

27 அக்டோபர்

கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தியின் ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதைப் பற்றிக் கேட்டிருக்கிறார் வில்லாபுரம் அம்மா. கிழக்கு வாசல் ஆண்டில் சில நாட்கள் மட்டும் திறப்பது உண்மை. மூக்குத்தியின் அழகும் உண்மை. ஆனால் வைரமோ மாணிக்கமோ தானாக ஒளி விடாது, விழுந்த ஒளியைத்தான் திருப்பித் தரும். கருவறை விளக்கு எவ்வளவு தருமோ அவ்வளவுதான். ஒரு மாலுமி மோதிவிட்டுக் கப்பல் முதலாளியிடம் என்ன காரணம் சொல்லியிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். தூங்கிவிட்டேன் என்றா சொல்வான்?

கதை சொல்லிக் கல் விற்பது நம் ஊருக்கும் புதிதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் மாணிக்கம் விற்ற லீலை நடக்கிறதே, அதில் சொக்கநாதரே ரத்தின வியாபாரியாக வருகிறார். மகுடத்துக்குக் கல் தேடும் பாண்டியன் வீட்டாரிடம் கல்லை மட்டும் எடுத்து வைக்கவில்லை. வலன் என்ற அசுரனின் உடலிலிருந்து நவமணிகளும் பிறந்த வரலாற்றையும் சேர்த்துச் சொன்னார். எலும்பு வைரமாயிற்று, பல் முத்தாயிற்று என்று. அதே ஆவணி மூல வீதியில்தான் இன்றும் கடைகள்.

29 அக்டோபர்

நீல நிற ஹோப் வைரம். சாபம் என்றால் எல்லாரும் கை காட்டுவது இதை. 45.52 கேரட், வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

இதன் வம்சாவளி என் அளவுகோலுக்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கிறது. தவர்னியே இந்தியாவிலிருந்து கொண்டுபோய் 1668இல் பதினான்காம் லூயிக்கு விற்றார். 1673இல் அரண்மனையில் மறுபடி தீட்டி ஏறக்குறைய 69 கேரட் ஆக்கினார்கள். 1792 கொள்ளையில் போயிற்று. ரீஜென்ட் கிடைத்தது, இது கிடைக்கவில்லை. 20 ஆண்டு கழித்து, 1812இல், லண்டனில் சிறியதாக ஒரு நீல வைரம் தலைகாட்டியது. இரண்டும் ஒன்றா என்று நெடுங்காலம் சண்டை. 2007இல் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் தொலைந்துபோன பிரெஞ்சு நீலக் கல்லின் ஈய வார்ப்பு ஒன்று கிடைத்தது. யாரோ ஒருவர் அந்தக் காலத்திலேயே அச்செடுத்து வைத்திருக்கிறார். வார்ப்பை அளந்து, ஹோப் கல் அதற்குள் சரியாக அடங்குவதைக் காட்டினார்கள். அந்த முகம் தெரியாத ஆளுக்கு என் வணக்கம்.

சாபம் எப்படி வந்தது? கார்த்தியே நிறுவனம் 1911இல் அமெரிக்கப் பணக்காரப் பெண்மணி எவலின் மெக்லீனுக்கு விற்றபோது சாபக் கதையையும் சேர்த்தே விற்றது. நல்ல நகைக்காரர்கள்.

தபால் துறையில் ஓய்வு பெற்ற நண்பர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார், அவருக்காக இது. 1958இல் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் இந்த வைரத்தை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பியது பதிவுத் தபாலில். தபால் செலவு 2.44 டாலர், இன்சூரன்ஸ் சேர்த்து 145.29 டாலர். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே 3,106 கேரட் கல்லினன் வைரத்தை, அதாவது 77 பவுனுக்கு மேல் எடையுள்ள ஒற்றைக் கல்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்குச் சாதாரணப் பார்சலில் அனுப்பிவிட்டு, கப்பலில் போலிக் கல்லுக்குக் காவல் போட்டார்கள். தபால்காரர்களை நம்பலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2 நவம்பர்

மழையில் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. கோகினூரை இனியும் தள்ளிப்போட முடியாது.

பாகவதத்து சியமந்தக மணி, காகதீயர்களின் கல், பாபர் நினைவுக் குறிப்பில் வரும் கல், இவையெல்லாம் கோகினூரே என்று சொல்பவர்கள் உண்டு. பாபர் கையில் ஒரு பெரிய வைரம் இருந்தது நிச்சயம். அதுதான் இது என்பதற்குத் தொடர்ச்சியான சீட்டு இல்லை. பாரசீக மன்னர் நாதிர் ஷா 1739இல் டில்லியைச் சூறையாடி மயிலாசனத்தைக் கொண்டு போனதை எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் மார்வி, ஆசனத்து மயிலின் தலையில் இந்தக் கல் இருந்ததாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். அங்கிருந்துதான் கணக்குத் தெளிகிறது. ஆப்கன் மன்னர்கள், 1813இல் ஷா ஷூஜாவிடமிருந்து ரஞ்சித் சிங், 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி, 1850இல் விக்டோரியா. டில்லி மன்னரோடு தலைப்பாகை மாற்றி நாதிர் ஷா கல்லைத் தட்டிப் பறித்த காட்சி நாடகத்துக்கு நன்றாக இருக்கும். அசைக்க முடியாத ஆசனத்தையே யானை மேலும் ஒட்டகம் மேலும் ஏற்றிக்கொண்டு போனவருக்குத் தலைப்பாகைத் தந்திரம் எதற்கு?

ஆண்களுக்கு ஆகாது என்ற பேச்சுக்கு: ரஞ்சித் சிங் அதைப் புஜத்தில் கட்டிக்கொண்டு 26 ஆண்டு பஞ்சாபை ஆண்டு, 1839இல் நோயில் இறந்தார். மற்ற மன்னர்கள் வெட்டுப்பட்டதற்குக் காரணம் அண்ணன் தம்பிச் சண்டை. கல் இல்லாத வீட்டிலும் அது நடக்கும்.

எடை பற்றி இருவர் தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள், 186 கேரட் என்று ஒருவர், 191 என்று ஒருவர். இரண்டும் சரி. பழைய ஆங்கிலக் கேரட் 205 மில்லிகிராம் சொச்சம், இன்றைய கேரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் 22 கேரட்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தரம், இது எடை. 1851 லண்டன் கண்காட்சியில் கூண்டுக்குள் வைத்து விளக்குப் போட்டுக் காட்டியும் கல் மின்னவில்லை என்று கூட்டம் முணுமுணுத்தது. நம் பழைய கைவினைஞர்கள் எடையைக் காப்பாற்றித் தீட்டுவார்கள், ஐரோப்பியருக்கு ஒளி வேண்டும். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆட்களை வரவழைத்து, வெலிங்டன் கோமகன் முதல் பட்டையைத் தொட்டுத் தொடங்கிவைக்க, 38 நாளில் 8,000 பவுண்டு செலவில் அதை 105.6 கேரட்டாகக் கரைத்தார்கள். 191இல் 85 போயிற்று. ஒரு மதிப்பீட்டாளனாக எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். திருப்பித் தரச் சொல்கிறோமே, ரஞ்சித் சிங்கின் புஜத்தில் இருந்த அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது?

3 நவம்பர்

ஒத்தக்கடை நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார்: "சீட்டு சீட்டு என்கிறீர்களே, லாகூர் உடன்படிக்கையும் சீட்டுதானே?"

இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டிருந்தது. 29 மார்ச் 1849 உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, கோகினூரை லாகூர் மகாராஜா இங்கிலாந்து ராணிக்கு ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மகாராஜா துலீப் சிங்குக்கு வயது 10. தாயைப் பிரித்து வைத்திருந்தார்கள். மைனர் கொண்டுவரும் நகைக்கு எந்த வங்கியிலும் கடன் தர மாட்டோம். காப்பாளர் கையெழுத்து வேண்டும், அந்தக் காப்பாளரே கல்லை வாங்கிக்கொள்கிறவராக இருந்தால் என்ன பெயர் சொல்வது? 2016இல் உச்ச நீதிமன்றத்தில் நம் அரசு வழக்கறிஞரே, இது திருடப்பட்டதும் இல்லை, வலுக்கட்டாயமாக எடுக்கப்பட்டதும் இல்லை என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பு வந்ததும் அரசு பேச்சை மாற்றிக்கொண்டது.

எனவே என் அளவுகோலுக்கு ஓர் எல்லை போடுகிறேன். எடைச் சீட்டு, இது அந்தக் கல்தானா என்பதற்கு விடை தரும். இது யாருடையது என்பதற்கு அது போதாது. பிட்டின் உறுதிமொழி ஏன் எனக்கு நெருடியது என்பதும் இப்போது விளங்குகிறது.

1854இல், கல்லைத் தீட்டியபின், விக்டோரியா அதைப் பதினைந்து வயதுத் துலீப் சிங்கின் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அவர் சன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வந்து அரசியிடமே நீட்டினார்.

5 நவம்பர்

மதுரைக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: நேரடியாக இல்லை. சுற்றி வளைத்து இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலி 1777இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்கள் அனுப்பினார். அவற்றில் பேரிக்காய் வடிவத்தில் இரண்டு, ஆற்காடு வைரங்கள் என்றே பெயர். அனுப்பிய நவாப் வெள்ளைக்காரர்களிடம் கழுத்தளவு கடனில் இருந்தவர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரி மேல் உரிமை கொண்டாடியவர். அதை வசூலிக்கக் குத்தகை எடுத்து, பிறகு எதிர்த்து நின்ற யூசுப் கானை 1764இல் இதே மதுரையில் தூக்கில் போட்டவர். சம்மட்டிபுரத்தில் சமாதி இருக்கிறது. எந்த ஊர்க் கிஸ்தி எந்தக் கல்லானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது லண்டன் அரசியின் காதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

9 நவம்பர்

வீட்டு வைரத்துக்கு வாருங்கள் என்று பலர். சரி.

மதுரையிலும் செட்டிநாட்டுப் பக்கமும் பாட்டி காலத்து ஏழு கல் தோடு வைத்திருக்கும் குடும்பங்களில் பத்துக்கு எட்டுப் பேர் அதை 'ப்ளூ ஜாகர்' என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்துப் பெயர் அது. வெயிலில் லேசாக நீலம் ஓடும் வெள்ளைக் கல்லுக்குப் பெயர் போன இடம். 1893இல் 995 கேரட் எக்செல்சியர் அங்கே கிடைத்தது. கல்லினன் வரும்வரை அதுவே உலகில் பெரியது. இப்போது சுரங்கம் ஓய்ந்துவிட்டது. 2022இல் அதன் கழிவுக் கரை உடைந்து ஊரைச் சேறு மூடிய செய்தியைப் படித்தபோது, இங்கே எத்தனை காதுகளில் அந்த ஊர் தொங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஜோடி உண்டு. ப்ளூ ஜாகர் என்றே அம்மா சொல்வார். சீட்டு? கடைக்காரர் வாய்ச்சொல் மட்டும். நீலம் ஓடும் கல் வேறு சுரங்கங்களிலும் வரும். ஸ்ரீரங்கத்துக்குப் போட்ட விதியை என் வீட்டுக்கும் போட்டால், அது நல்ல பழைய வைரம், அவ்வளவுதான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "உன் கண்ணாடியை மாற்று" என்றார்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் அந்தத் தோட்டைப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வட்டம், துளை போட்டது போலத் தெரியும். துளை இல்லை. கல்லின் அடி நுனியை அந்தக் காலத்தில் கூராக விடாமல் தட்டையாகத் தீட்டுவார்கள், மேலிருந்து பார்த்தால் அது தெரிகிறது. பட்டைகள் ஒரே அளவாக இரா, கைவேலை. ஓரமாகக் கறுப்புப் புள்ளியோ காக்கைக் கால் போன்ற கீறலோ இருக்கலாம். மதுரைக் கடைவீதியைச் சொல்லும் சிலப்பதிகாரம், காகபாதம், களங்கம், விந்து (புள்ளி), ஏகை (கீற்று) என்று வைரத்தின் குற்றங்களை அடுக்குகிறது. இன்றைய ஆய்வுக்கூடச் சான்றிதழும் இந்த மாதிரிக் குறைகளைத்தான் தேடுகிறது.

தோடு மங்கிவிட்டது என்று கல்லைக் குறை சொல்ல வேண்டாம். வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். கிம்பர்லி சுரங்கத்தில் 1890களில் இதையே தந்திரமாக்கினார்கள். கிரீஸ் தடவிய மேசை மேல் கல்லும் மண்ணும் தண்ணீருமாக ஓட விட்டால், மற்றதெல்லாம் வழிந்துபோகும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் உங்கள் காதிலும் அதேதான் நடக்கிறது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பின்பக்கத்தைத் தேய்த்தால் கல் திரும்பி வரும். பின்பக்கம் தகட்டால் அடைத்துக் கல் பதித்த தோடாக இருந்தால் மட்டும் ஊறவைக்க வேண்டாம், ஆசாரியிடம் கொடுங்கள்.

10 நவம்பர்

உறவினர் குழுவின் அடுத்த வெளியீட்டை யாரோ அனுப்பியிருக்கிறார்கள்: ஜூபிலி வைரம் மீனாட்சியம்மன் மூக்குத்தியில் இருந்தது. ஜூபிலி 245.35 கேரட். ஆறு பவுனுக்கு மேல். அம்மனின் மூக்கைப் பற்றி யாராவது ஒரு நிமிடம் நினைத்தார்களா?

ஆனால் ஜூபிலிக்கு நன்றி, நல்ல கதை ஒன்றை நினைவூட்டியது. அதுவும் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் கல்தான், 1895இல் கிடைத்தது. தொராப்ஜி டாடா தம் மனைவி மெஹர்பாய்க்காக வாங்கினார். கோகினூரைவிட இரண்டு பங்குக்கு மேல் எடை. 1924இல் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் கூலி கொடுக்கவே பணம் இல்லாத நெருக்கடி. தொராப்ஜி தம் சொத்தோடு மனைவியின் நகைகளையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். ஜூபிலியும் அதில் போயிற்று. ஆலை பிழைத்தது, நகை மீண்டது. அவர் மறைந்தபின் கல்லை விற்ற பணம் அவர் பெயரிலான அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. பம்பாய் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அந்த அறக்கட்டளை கட்டியது.

மாமியார் நகையை அடகு வைத்து மாட்டுத் தொழுவம் போட்டவர்களும் மகளைப் படிக்க வைத்தவர்களும் என் மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். யாரும் அதை வரலாறு என்று சொல்லிக்கொண்டதில்லை.

12 நவம்பர்

ஹைதராபாத் ஜேக்கப் வைரத்தைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஏறக்குறைய 185 கேரட். ஆறாம் நிஜாம் வாங்கப்போய்க் கல்கத்தா நீதிமன்றம் வரை வழக்கானது. கடைசி நிஜாம் அதைத் தந்தையின் செருப்பு முனைக்குள் கண்டெடுத்துக் காகிதம் பறக்காமல் இருக்க மேசை மேல் வைத்திருந்தார். 1995இல் மத்திய அரசு நிஜாம் நகைகள் மொத்தத்தையும் 218 கோடிக்கு வாங்கியது. ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. எப்போதாவது டில்லியில் காட்சிக்கு வைப்பார்கள். கோகினூருக்கு அழுகிறோம், அதைவிடப் பெரியதாக நம்மிடமே இருப்பதை வருடத்துக்கு ஒரு முறை காட்டினால் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

16 நவம்பர்

வில்லாபுரம் அம்மா மறுபடி எழுதியிருக்கிறார். தோட்டை வங்கியில் வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று. அம்மா, வங்கியில் கல்லுக்குக் கடன் கிடையாது. கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும்தான் கணக்கு. அதுவும் பழைய தோட்டில் தங்கம் சொற்பம். நான் வேலையில் இருந்தபோது பலர் இதைக் கேட்டு முகம் வாடித் திரும்பியிருக்கிறார்கள். கல்லைப் பேனா போன்ற கருவியால் தொட்டுப் பார்த்து வைரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே சத்தம்தான் கொடுக்கும். பிரித்தறிய வங்கி மேசையில் வசதி இல்லை. அதனால் விதி அப்படி.

மாற்றிக் கட்டுவதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். கொடுப்பதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் வெளிச்சத்தில் புகைப்படம் எடுங்கள். கடையில் ரசீது எழுதும்போது 'வைரத் தோடு 1 ஜோடி' என்று விட விடாதீர்கள். கல் எத்தனை, கழற்றிய பின் கல் மட்டும் எத்தனை சென்ட் (கேரட்டில் நூறில் ஒரு பங்கு), நடுக்கல் தனியாக எவ்வளவு, புள்ளி இருக்கும் கல் எது என்று எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கழற்றும்போது கூடவே உட்கார்ந்திருங்கள், திருகாணியையும் எண்ணி வாங்குங்கள்.